காலையில் முதல் அடி வைக்கவே பயமா? குதிகால் வலியை பிசியோதெரபி எப்படிச் சரிசெய்கிறது?

காலை ஐந்தரை மணி. அலாரம் அடித்து, எழுந்து உட்கார்ந்தாகிவிட்டது. ஆனால், காலைத் தரையில் வைக்க மட்டும் மனம் வரவில்லை. வைத்தால் என்ன நடக்கும் என்று தெரியும். குதிகாலின் உட்பக்கத்தில் ஆணி ஏறியதைப்போல ஒரு குத்தல். சுவரைப் பிடித்துக்கொண்டு, பாதத்தின் வெளி ஓரத்தை மட்டும் ஊன்றி, நொண்டி நொண்டித்தான் பாத்ரூம் வரை போக வேண்டும். அடுப்பில் பால் பொங்குவதற்குள் வலி பாதியாகிவிடும். டிபன் பாக்ஸ் கட்டி முடிக்கும்போது, 'அப்படி ஒன்றும் பெரிய வலி இல்லையே' என்று தோன்றும். பஸ்ஸில் இடம் கிடைத்து, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கினால், மறுபடியும் அதே ஆணி.

இதைப் படிக்கும்போதே 'இது நம்ம கதையாச்சே' என்று நினைப்பவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். வீட்டில் பெரியவர்கள் இதைக் குதிகால் வாதம் என்பார்கள். மருத்துவத்தில் இதன் பெயர் பிளான்டார் ஃபேசியைடிஸ். பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்த வலி வருகிறது என்பது மருத்துவ நூல்களில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 40 முதல் 60 வயது வரை உள்ளவர்களிடம் அதிகம். உயிருக்கு ஆபத்தில்லாத வலி என்பதாலேயே, 'செருப்பை மாத்திப் பாரு', 'உடம்பைக் குறை' என்ற இரண்டு வரி அறிவுரையோடு இது கடந்துபோய்விடுகிறது. ஆனால், நின்றால்தான் சம்பளம் என்ற நிலையில் இருப்பவருக்கு இது சின்ன வலி அல்ல.

ஒரு பேச்சுக்கு, ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கும், நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்ணை மனதில் வைத்துக்கொள்வோம். காலையில் வீட்டு வேலை, பிறகு பகல் முழுக்கக் கடையில் நிற்பது, இரவு திரும்பி மீண்டும் அடுப்படி. அவருக்கு இந்த வலி வந்தால் என்ன செய்வார்? முதலில் வெந்நீர். அடுத்து, பக்கத்து வீட்டு அம்மா சொன்ன எருக்கு இலை வைத்தியம். மெடிக்கல் ஷாப்பில் இரண்டு வலி மாத்திரை. மூன்று மாதம் கழித்தும் போகாதபோது, ஒரு எக்ஸ்ரே. அதைப் பார்த்துவிட்டு யாரோ சொல்லும் ஒரு வாக்கியம்தான் அவரைப் பெரிதாகப் பயமுறுத்தும்: "குதிகால்ல எலும்பு வளர்ந்திருக்கு."

உண்மையில், அந்த எலும்பைவிட முக்கியமான விஷயம் எக்ஸ்ரேயில் தெரிவதே இல்லை.

வில்லும் நாணும்

குதிகால் எலும்பின் அடியில், உட்பக்கமாகத் தொடங்கி, உள்ளங்கால் முழுக்க ஓடி, ஐந்து விரல்களின் அடிப்பகுதியில் போய்ச் சேரும் ஒரு தடித்த திசுப் பட்டை இருக்கிறது. அதுதான் பிளான்டார் ஃபேசியா. பாதத்தின் வளைவை ஒரு வில் என்று வைத்துக்கொண்டால், இந்தப் பட்டைதான் நாண். நாம் நிற்கும்போது உடல் எடை வில்லை அழுத்தித் தட்டையாக்கப் பார்க்கிறது. நாண் இழுத்துப் பிடிக்கிறது. பரணில் இருந்து பாத்திரம் எடுக்க நுனிக்காலில் எக்கும்போது, விரல்கள் மேல்நோக்கி மடங்குவதால் நாண் இன்னும் இறுகி, வளைவு தானாக உயர்கிறது. கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றுவதைப் போன்ற இந்த ஏற்பாட்டை 1954-ம் ஆண்டிலேயே ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் இது நடக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் அடி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்!

இந்தப் பட்டை குதிகால் எலும்போடு ஒட்டும் இடத்தில்தான் பிரச்னை ஆரம்பிக்கிறது. தாங்கும் அளவைவிட அதிகமான சுமை, நாள் கணக்கில், ஓய்வு கொடுக்காமல் விழும்போது அங்கே திசு நைந்துபோகிறது.

சரி, காலையில் மட்டும் ஏன் உயிர் போகிறது? தூங்கும்போது நம் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்தபடி இருக்கும். பட்டையும், கெண்டைக்கால் சதையும் சுருங்கிய நிலையில் ஏழெட்டு மணி நேரம் கிடக்கின்றன. எழுந்ததும் முழு எடையையும் திடீரென்று அதன்மேல் போட்டால், சுருங்கிக் கிடந்த பட்டை ஒரே இழுப்பில் நீள வேண்டியிருக்கிறது. அதுதான் அந்தக் குத்தல். கொஞ்சம் நடந்ததும் திசு இளகி, வலி குறைகிறது. பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டு இறங்கும்போதும் இதே கதைதான். 'நடந்தா சரியாகிடுது, அப்போ பரவாயில்லை' என்று பலரும் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதற்கு இதுவே காரணம்.

பெயரில் ஒரு சின்னக் குழப்பம் இருக்கிறது. ஃபேசியைடிஸ் என்பதில் வரும் 'ஐடிஸ்' என்பது அழற்சியைக் குறிக்கும் சொல். அதனால் இது வெறும் வீக்கம், வீக்கத்துக்கு மாத்திரை போட்டால் போய்விடும் என்றுதான் பல காலம் நினைத்தார்கள். 2003-ல் அமெரிக்காவில், அறுவை சிகிச்சையில் எடுக்கப்பட்ட 50 பேரின் திசு மாதிரிகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, அழற்சிக்கான அடையாளங்கள் தென்படவில்லை. தெரிந்ததெல்லாம் திசு சிதைந்து, நார்கள் ஒழுங்கு குலைந்து கிடந்த நிலைதான். நாள்பட்ட குதிகால் வலியில் வீக்கத்தைக் குறைப்பதைவிட, நைந்துபோன பட்டையை மறுபடியும் சுமை தாங்கப் பழக்குவதுதான் முக்கியம் என்ற பார்வைக்கு இந்த ஆய்வும் ஒரு காரணம். பிசியோதெரபி இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது.

அப்படியென்றால் அந்த வளர்ந்த எலும்பு? ஹீல் ஸ்பர் எனப்படும் அந்த முள் போன்ற எலும்பு, வலியே இல்லாத பலருடைய எக்ஸ்ரேயிலும் இருக்கிறது. கடுமையான வலியோடு வரும் பலருக்கு அது இருப்பதில்லை. வலி குணமான பிறகும் அந்த எலும்பு அப்படியேதான் இருக்கும். அதை வெட்டி எடுத்தால்தான் வலி போகும் என்று யாரும் பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

யாருக்கு வருகிறது?

2003-ல் வெளியான இன்னோர் ஆய்வு மூன்று காரணங்களைச் சுட்டியது. கணுக்கால் மேல்நோக்கி மடங்காமல் இறுகியிருப்பது, பி.எம்.ஐ 30-க்கு மேல் இருப்பது, வேலை நேரத்தின் பெரும்பகுதியை நின்றபடியே கழிப்பது. மூன்றாவது காரணத்தைப் படித்ததும் நம் ஊரில் எத்தனை பேரின் முகம் நினைவுக்கு வருகிறது! டீச்சர், நர்ஸ், டிராஃபிக் போலீஸ், ஹோட்டல் மாஸ்டர், சலூன் கடைக்காரர், சூப்பர் மார்க்கெட் பில் கவுன்ட்டரில் இருப்பவர், கிரானைட் மேடைக்கு முன்னால் வெறுங்காலோடு மணிக்கணக்கில் நிற்கும் இல்லத்தரசி.

நிற்கவே நிற்காதவர்களுக்கும் வரலாம். வருடம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, ஒரு நல்ல நாள் பார்த்து 'தினமும் பத்தாயிரம் ஸ்டெப்ஸ்' என்று கிளம்புகிறவர்களுக்கு மூன்றாவது வாரம் குதிகால் பேச ஆரம்பிக்கும். திருவண்ணாமலை கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். பழக்கமே இல்லாமல் ஒரே இரவில் அதை வெறுங்காலில் சுற்றிவிட்டு வந்து, மறுநாள் காலை கட்டிலைவிட்டு இறங்க முடியாமல் தவிப்பவர்களும் உண்டு. நடப்பது தப்பில்லை. பாதத்துக்குப் பழக்கம் கொடுக்காமல் நடப்பதுதான் சிக்கல்.

உடல் எடை பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். எடை கூடினால் பட்டையின் மீதான சுமை கூடும் என்பது உண்மைதான். ஆனால், அடி எடுத்து வைக்கவே முடியாதவரிடம் 'தினமும் வாக்கிங் போய் எடையைக் குறைங்க' என்று சொல்வதில் என்ன பயன்? குதிகால் அடங்கும்வரை சைக்கிள், நீச்சல், உட்கார்ந்து செய்யும் பயிற்சிகள் என்று வேறு வழிகளைத்தான் பார்க்க வேண்டும். ஒல்லியாக இருப்பவர்களுக்கும், ஓட்டப்பந்தய வீரர்களுக்கும் இதே வலி வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

'கரன்ட் வைக்கிறது' மட்டுமா பிசியோ?

பிசியோதெரபி என்றதும் நம்மில் பலர் நினைப்பது, படுக்கவைத்து, ஜெல் தடவி, ஏதோ ஒரு மெஷினை வைத்து 'கரன்ட் வைப்பது'. பத்து நாள் கரன்ட் வைத்தும் போகவில்லை என்று சலித்துக்கொள்பவர்களும் அதிகம். குதிகால் வலிக்கான பிசியோதெரபி வழிகாட்டி நெறிமுறையை அமெரிக்க பிசியோதெரபி சங்கத்தின் எலும்பியல் பிரிவு 2008-ல் வெளியிட்டு, 2014-லும் 2023-லும் திருத்தியது. நீட்சிப் பயிற்சியின் பலனைக் கூட்டுவதற்காக அல்ட்ராசவுண்ட் மெஷினைப் பயன்படுத்த வேண்டாம் என்றே 2023 நெறிமுறை சொல்கிறது. அது முன்னிறுத்துவது நீட்சிப் பயிற்சி, தசை வலுவூட்டும் பயிற்சி, கையால் மூட்டையும் திசுக்களையும் இளக்கும் சிகிச்சை, டேப் ஒட்டுவது, இரவில் போடும் ஸ்பிளின்ட் போன்றவற்றை.

முதல் நாள் போகும்போது என்ன நடக்கும்? நல்ல பிசியோதெரபிஸ்ட் என்றால் மெஷினைத் தொடுவதற்கு முன் நிறைய கேள்விகள் கேட்பார். எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், வீட்டில் தரை டைல்ஸா, என்ன செருப்பு, சமீபத்தில் நடை கூடியதா, சர்க்கரை இருக்கிறதா... பிறகு குதிகாலின் உட்பக்க அடியில் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். நோயாளி துள்ளும் இடம் பெரும்பாலும் அதுதான். கால் கட்டை விரலை மேலே வளைத்து, நாண் இறுகும்போது வலிக்கிறதா என்று பார்ப்பார். கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளப்பார். ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி நிற்கச் சொல்வார். மரத்துப்போவது, எரிவது போன்றவை இருந்தால் நரம்பையும் சோதிப்பார். இவ்வளவுக்கும் எக்ஸ்ரே தேவைப்படுவதில்லை.

டேப் ஒட்டுவதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பாத வளைவைத் தாங்கிப் பிடிப்பதுபோலக் குறிப்பிட்ட முறையில் ஒட்டப்படும் இந்த டேப், சில நாள்களுக்கு வலியை நன்றாகவே குறைக்கும். நாளை கல்யாண வேலை இருக்கிறது, தீபாவளி சீசனில் லீவே கிடையாது என்பவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால், டேப் வாங்கித்தருவது அவகாசத்தை மட்டும்தான். அந்த அவகாசத்தில் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது.

கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்

அந்த ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு முதலில் கற்றுத்தர வேண்டிய பயிற்சிக்கு உபகரணம் எதுவும் வேண்டாம். படுக்கையிலேயே உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்றொரு தொடையின் மேல் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கையால் கால் விரல்கள் ஐந்தையும் பிடித்து, முழங்காலை நோக்கி மெதுவாகப் பின்னுக்கு வளைக்க வேண்டும். மற்றொரு கையின் கட்டை விரலால் உள்ளங்காலைத் தடவிப் பார்த்தால், நாண்போல விறைத்த பட்டை கையில் தட்டுப்படும். தட்டுப்பட்டால் சரியாகச் செய்கிறோம் என்று அர்த்தம். பத்து வரை எண்ணிவிட்டு விட வேண்டும். இப்படிப் பத்து முறை. நாளுக்கு மூன்று வேளை. அதில் முதல் வேளை, காலையில் தரையில் கால் படுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

2003-ல் அமெரிக்காவில் டிஜியோவானி என்ற மருத்துவரின் குழு, நாள்பட்ட வலி இருந்த 101 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இந்தப் பயிற்சியையும் மற்றொரு பிரிவுக்கு வழக்கமான கெண்டைக்கால் நீட்சியையும் கொடுத்துப் பார்த்தது. எட்டு வாரத்தில், காலையின் முதல் அடி வலி இந்தப் பயிற்சியைச் செய்தவர்களிடம்தான் அதிகம் குறைந்திருந்தது. நீண்ட நேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போதும் இதைச் செய்யலாம். பஸ்ஸில் ஸ்டாப்பிங் வருவதற்கு முன், செருப்புக்குள்ளேயே விரல்களை நன்றாக மேலே தூக்கித் தூக்கி இறக்கினால்கூடக் கொஞ்சம் பலன் கிடைக்கும்.

அதற்காகக் கெண்டைக்காலை மறந்துவிடக் கூடாது. கணுக்கால் இறுகியிருப்பவர்களுக்கு அதுவும் வேண்டும். சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையைவிட்டு எழும்பாமல் முன்னோக்கிச் சாய வேண்டும். முழங்காலை நீட்டி அரை நிமிடம், பிறகு லேசாக மடக்கி அரை நிமிடம். இரண்டும் வேறு வேறு தசைகளுக்கு. இட்லி வேகும் நேரத்தில் இதை முடித்துவிடலாம்.

நீட்டினால் மட்டும் போதுமா? டென்மார்க்கில் 48 பேரிடம் நடந்து, 2014-ல் வெளியான ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரு பிரிவு நீட்சிப் பயிற்சி செய்தது. மற்றொரு பிரிவு சுமையோடு குதிகாலை உயர்த்தும் பயிற்சி செய்தது. மூன்றாவது மாத முடிவில் வலுவூட்டும் பயிற்சி செய்தவர்கள் தெளிவாக முன்னால் இருந்தார்கள். ஆனால், ஒரு வருட முடிவில் இரண்டு பிரிவுகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது, இரண்டு வழியிலும் ஊர் போய்ச் சேரலாம். வலுவூட்டும் வழி கொஞ்சம் சீக்கிரம்.

அந்தப் பயிற்சிக்கு வேண்டியது ஒரு மாடிப்படி, ஒரு துண்டு. துண்டைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, அதன்மேல் கால் விரல்கள் மேல்நோக்கி மடங்கும்படி நிற்க வேண்டும். குதிகால் படிக்கு வெளியே இருக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூன்று எண்ணும் நேரத்தில் குதிகாலை உயர்த்தி, இரண்டு எண்ணும் நேரம் மேலே நிறுத்தி, மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாக இறக்க வேண்டும். ஒற்றைக் காலில் 12 முறை, மூன்று சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான், தினமும் கூடாது. இரண்டு வாரத்துக்குப் பிறகு, பிள்ளையின் ஸ்கூல் பேக்கில் நாலு புத்தகத்தைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு 10 முறை, நான்கு சுற்று. அதன்பின் இன்னும் எடை கூட்டி 8 முறை, ஐந்து சுற்று. எடுத்த எடுப்பில் ஒற்றைக் காலில் முடியாதவர்கள் இரண்டு காலாலும் தொடங்கலாம்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். இங்கேதான் பலரும் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பொறுத்துக்கொள்ளும் அளவு வலி இருந்தால் தொடரலாம். மறுநாள் காலையின் முதல் அடி, முந்தைய நாளைவிட மோசமாக இருந்தால் எடையையோ எண்ணிக்கையையோ குறைக்க வேண்டும். முழு ஓய்வு எடுத்தால் வலி குறைந்ததுபோலத் தெரியும். ஆனால், பட்டை மேலும் பலவீனமாகும். வேலைக்குத் திரும்பிய முதல் வாரமே வலியும் திரும்பும்.

மூன்றாவது வாரம்

பயிற்சி தொடங்கிய முதல் சில நாள்கள் உற்சாகமாகப் போகும். மூன்றாவது வாரம்தான் சோதனை. வலி லேசாகக் குறைந்திருக்கும், போயிருக்காது. ஒரு நாள் நன்றாக இருக்கும், மறுநாள் பழையபடி குத்தும். 'இதெல்லாம் வேலைக்கு ஆகாது' என்று துண்டு மறுபடியும் கொடிக்குப் போய்விடும். இந்தத் திசு மெதுவாகத்தான் தேறும். வாரங்களில் அல்ல, மாதங்களில்தான் கணக்கு. பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே ஓராண்டுக்குள் சரியாகிவிடுகிறது என்பது நல்ல செய்தி. இதை முதல் நாளே சொல்லாமல், 'பத்து சிட்டிங்ல பறந்துடும்' என்று வாக்குக் கொடுப்பதுதான் நோயாளிகள் பாதியில் விட்டுவிடக் காரணம்.

தினமும் எழுந்ததும் முதல் அடியின் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று காலண்டர் தாளில் ஒரு எண் எழுதி வைக்கலாம். நேற்றோடு இன்றை ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட்டால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

செருப்பும் செங்கல்லும்

வீட்டுக்குள் செருப்புப் போடும் வழக்கம் நம்மிடம் குறைவு. ஆனால், டைல்ஸும் கிரானைட்டும் வந்த பிறகு, கட்டாந்தரையில் நாள் முழுக்க நிற்கும் பாதத்துக்கு ஒரு மெத்தை வேண்டும். வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்வதில் தவறில்லை. அடுப்புக்கு முன்னால் தடிமனான மிதியடியாவது போடலாம். வெளியே போட்டுக்கொள்ளும் செருப்பின் குதிகால் பகுதி தேய்ந்து, விரலால் அழுத்தினால் தரை தட்டுப்படும் அளவுக்கு ஆகிவிட்டால், அதற்கு விடைகொடுக்கும் நேரம் வந்துவிட்டது. சிலிக்கான் ஹீல் பேட் சிலருக்கு இதமாக இருக்கும். ஆனால், எந்தப் பயிற்சியும் இல்லாமல் ஷூவுக்குள் வைக்கும் தாங்கியை மட்டும் நம்பக் கூடாது என்பதையும் 2023 நெறிமுறை சொல்கிறது.

செருப்புக் கடைகளில் கேட்டு வாங்கும் எம்.சி.ஆர் செருப்புக்குப் பின்னால் ஒரு தமிழ்நாட்டுக் கதை உண்டு. தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் புண் வராமல் காக்க, வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் மென்மையான ரப்பர் காலணிகளை உருவாக்கப் பாடுபட்டார்கள். அந்த வழியில் வந்த மென் ரப்பர்தான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் குதிகால் வலிக்காரர்களுக்கும் கைகொடுக்கிறது. வாங்கும்போது ஒரு விஷயம்: பஞ்சுபோல ஒரேயடியாக அமுங்கிப்போவது வேண்டாம். மென்மையும் இருக்க வேண்டும், வளைவைத் தாங்கும் உறுதியும் இருக்க வேண்டும்.

இனி அந்தச் செங்கல். செங்கலைச் சூடுபடுத்தி, அதன்மேல் எருக்கு இலையைப் போட்டு, குதிகாலை வைத்து எடுப்பது தலைமுறைகளாக நடக்கும் கை வைத்தியம். சூட்டினால் திசு இளகி, இதமாக இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இந்தப் பக்கமே போகக் கூடாது. எவ்வளவு சூடு என்பது தெரியாமல் குதிகால் வெந்து, வலிக்குப் போட்ட வைத்தியம் ஆறாத புண்ணில் கொண்டுவிடும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால், இலையைத் தொட்ட கையையும் நன்றாகக் கழுவ வேண்டும். வேலை முடிந்து வந்ததும் வலிப்பவர்கள், ஃப்ரீசரில் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, ஐந்து பத்து நிமிடம் உள்ளங்காலால் உருட்டலாம். இதமாக இருக்கும். உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இதுவும் ஆகாது.

ஸ்டூல் எங்கே?

எல்லாப் பயிற்சியையும் சரியாகச் செய்துவிட்டு, அந்தப் பெண் மறுபடியும் கடையில் பகல் முழுக்க நிற்கத்தானே போகிறார்? பிசியோதெரபி அறைக்கு வெளியே இருக்கும் பிரச்னை இது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவரப்பட்டது. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்யும் எல்லோருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்கிறது அதில் சேர்க்கப்பட்ட 22-ஏ பிரிவு. கேரளா 2018-லேயே இப்படி ஒரு திருத்தத்தைச் செய்திருந்தது. சட்டம் வந்துவிட்டது. கடைக்குக் கடை ஸ்டூல் வந்துவிட்டதா என்பதை, அடுத்த முறை சேலை எடுக்கப் போகும்போது கவுன்ட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் தெரியும்.

முழு நேரமும் உட்கார வேண்டியதில்லை. மணிக்கு ஐந்து நிமிடம் கிடைத்தாலும் பட்டைக்கு அது ஓய்வு. எழுந்திருக்கும் முன் விரல்களை வளைத்து நீட்ட ஒரு வாய்ப்பு. நின்றுகொண்டே ஆக வேண்டிய நேரத்தில், ஒரு காலைச் சிறிய பலகை மேல் வைத்து மாற்றி மாற்றி நிற்கலாம்.

செலவும் ஒரு கேள்விதான். தனியார் கிளினிக்கில் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம், போதாக்குறைக்கு அரை நாள் சம்பளமும் போகும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பிசியோதெரபி பிரிவுகள் உண்டு. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வெளியே வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் சேவையும் இருக்கிறது. குதிகால் வலிக்குத் தினமும் போக வேண்டும் என்பதில்லை. ஒழுங்காக ஒரு முறை கற்றுக்கொண்டு, சில வாரங்களுக்கு ஒருமுறை போய்ச் சரிபார்த்துக்கொண்டால், மிச்சமெல்லாம் வீட்டு மாடிப்படியில் நடக்கும்.

ஊசி போட்டுக்கொள்ளலாமா?

ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சட்டென்று நிம்மதி தரும். ஆனால், 2017-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, அந்தப் பலன் சுமார் ஒரு மாதத்துக்குத்தான், அதுவும் சொற்ப அளவில். அடிக்கடி போட்டால் பட்டை கிழியவும், குதிகாலின் இயற்கை மெத்தையான கொழுப்பு மெலியவும் வாய்ப்பு உண்டு. மாதக்கணக்கில் முறையாகப் பயிற்சி செய்தும் பலன் இல்லையென்றால், ஷாக்வேவ் சிகிச்சையை மருத்துவர்கள் பரிசீலிப்பார்கள். அறுவை சிகிச்சை கடைசியில்தான், அதுவும் மிகச் சிலருக்கு.

ஒன்றை மட்டும் தவறவிடக் கூடாது. குதிகாலில் வலிப்பதெல்லாம் பிளான்டார் ஃபேசியைடிஸ் அல்ல. உயரத்தில் இருந்து விழுந்த பிறகு வரும் வலி, காலை ஊன்றவே முடியாத நிலை, ராத்திரியில் படுத்திருக்கும்போதும் குடையும் வலி, காய்ச்சல், சிவந்து வீங்குவது, உள்ளங்கால் எரிந்து மரத்துப்போவது - இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியைத் தொடங்கும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டும். இளம் வயதில் இரண்டு குதிகாலும் வலித்து, கூடவே காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு விறைத்துக் கிடந்தால், அது ஒருவகை மூட்டு வாதத்தின் தொடக்கமாக இருக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனை, தனி மருந்து எல்லாம் உண்டு. சர்க்கரை நோயாளிகள் பாதத்தில் சின்னப் புண் இருந்தாலும் முதலில் அதைக் காட்ட வேண்டும்.

வலி நின்ற பிறகு? மாடிப்படிப் பயிற்சியை வாரத்துக்கு இரண்டு நாளாவது தொடர்வது நல்லது. பண்டிகை சீசன், கோயில் யாத்திரை, வீடு மாற்றுவது என்று நிற்கும் நேரம் கூடப்போகிறது எனத் தெரிந்தால், இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே அந்தத் துண்டைக் கொடியில் இருந்து எடுத்துவிட வேண்டும். ஆடித் தள்ளுபடிக்கு அந்த ஜவுளிக்கடைப் பெண் ஆனி மாதமே தயாராவதைப்போல.